பல் விளக்காத வெள்ளிக்கிழமை

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் ஆண்டு மலரில் டாக்டர்களும் மாணவர்களும் எழுதுவார்கள். அச்சகத்திலிருந்து அதைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வருவதுதான் இதுவரை எனக்கும் மலருக்கும் இருந்த சம்பந்தம். பத்தாம் வகுப்போடு நின்றவன், கருவி கழுவுகிறவன், பேனாவைப் பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் நடந்ததை டாக்டர் நிவேதா எழுதினால் என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் தியாகராஜன். பிறந்தது வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கிராமம். பத்தொன்பது வருடமாகக் கல்லூரியில் உதவியாளன். மற்றவர் வாய்க்குள் போகும் கருவிகளைக் கழுவி, வேகவைத்து, உறையிட்டு அடுக்குவது என் வேலை. என் வாய்க்குள் அவற்றில் ஒன்றுகூடப் போனதில்லை. நாற்பது வயதில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடி, ஒன்றன்பின் ஒன்றாகக் கையோடு வந்துவிட்டன. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு பல்லைப் பறிகொடுத்தவன் என்று யாரிடம் சொல்வது? வாயைக் கையால் பொத்திப் பேசப் பழகினேன். கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் மாட்டியபோது ஊருக்கே கஷ்டம். எனக்கு மட்டும் அது வசதியாகப் போயிற்று. கொரோனா போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை கிளம்பினோம். ஈறு சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் நிவேதா, டிரைவர் சேகர், நான், அப்புறம் ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் உலர் பனிக்கட்டி. அது தண்ணீராக உருகாது, புகையாகவே போய்விடும். அந்தப் புகை மூடிய வண்டிக்குள் தேங்கினால் மூச்சுக்கு ஆகாது என்பதால் ஜன்னல்களைத் திறந்தே வைக்க வேண்டும். சமவெளியில் வெயில் முகத்தில் அடித்தது. மலை ஏற ஏறக் குளிர்காற்று அறைந்தது.

"ஏண்ணே, பெட்டிக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாதுன்னு நமக்குப் பிடிக்க வைக்கிறீங்களே?" என்றார் சேகர்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் உப்புக் குவியல்தான். அதன் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும். இங்கே இருபதாவது வளைவிலேயே நாமக்கல் பக்கத்து வயல்கள் பாய் விரித்த மாதிரி கீழே கிடந்தன. முப்பத்திரண்டாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முகக்கவசத்தைக் கழற்றாமல் வாந்தி எடுக்க முடியாது. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பாறைக்குப் பின்னால் போய், காலையில் தின்ற இட்லியை மலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

அதற்கப்புறம் என் கவனத்தைத் திருப்பத்தானோ என்னவோ, தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு பள்ளம் இருக்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் கிருமிகள் அங்கேதான் குடியேறும். அவற்றை எதிர்க்க நம் உடம்பில் இரண்டு வகைக் காவல். ஒரு வகை, எதிரியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. இன்னொரு வகை, பிறக்கும்போதே கூட வருவது. ஈறின் செல்கள் மேலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மேலும் ஏற்பிகள் என்று சில உண்டு. அவைதான் அந்தப் பிறவிக் காவலாளிகள். கிருமியின் பெயரோ ஊரோ அவற்றுக்குத் தெரியாது. ஆனால் கிருமிகள் போட்டிருக்கும் மேல்சட்டையின் நெசவு தெரியும். அந்த நெசவு பட்ட உடனே கூச்சல் போடும். கூச்சலைக் கேட்டு வெள்ளை அணுக்கள் ஓடி வரும். அந்தப் பள்ளத்தில் ஒரு நீர் கசியும். பிறவிக் காவலாளிகள் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பதற்கான தடயம் அந்த நீரில் இருக்கும். அதைத்தான் சின்னத் தாள் கீற்றால் ஒற்றி எடுத்து, உறைந்த நிலையில் கல்லூரிக்குக் கொண்டு போக வேண்டும்.

"கூச்சல் போட்டா நல்லதுதானே டாக்டரம்மா?" என்றார் சேகர்.

"அளவோட இருந்தா நல்லது. வருஷக்கணக்கா ஓயாம கத்திக்கிட்டே இருந்தா, சண்டையில பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சு போயிடும். பல்லு ஆடி விழறதுக்குப் பாதிக் காரணம் கிருமி. மீதிக் காரணம் நம்ம சொந்தக் காவலே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் இரண்டு பற்களை ஏதோ ஒரு புழு தின்றுவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தப் பயணம் டாக்டருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலைக் கிராமத்து மக்களின் ஈறுகளில் அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வின் பாதி. அதற்காக இரண்டு தடவை தனியாக வந்து, வீடு வீடாக நடந்து, விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். அடுத்த மாதம் ஆய்வை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஈறு நீர் எடுக்க அவருடைய பேராசிரியர் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்தார். பெட்டியில் இருந்த பனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை தாங்கும். அதற்குள் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அவருடைய மூன்று வருட உழைப்பு பாதியில் நிற்கும்.

மலை மேல் செம்மேட்டில் தங்கினோம். சாப்பாட்டுக் கடையில் மிளகு தூவிய ஆம்லெட் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மிளகு என்பது பொங்கலில் ஒதுக்கி வைப்பது. இங்கே அது பச்சை வாசனையோடு மூக்கில் ஏறியது. கடைக்காரர், நாற்காலியில் நான் பத்திரமாக வைத்திருந்த பெட்டியின் ஓரத்தில் புகை கசிவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சாமி, உள்ளார யார வெச்சு அவிக்கிறீங்க?"

பக்கத்து மேசைகள் எல்லாம் சிரித்தன. பதில் என் தொண்டை வரை வந்தது. சாப்பிட்டதும் மாட்டிக்கொண்ட முகக்கவசத்தைத் தாண்டவில்லை.

புதன்கிழமை. இந்த மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்கிறார்கள். திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர். தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியும் நின்றுவிட்டது. அங்கிருந்து மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பெட்டியைத் தூக்க வெள்ளையன் என்பவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டைச் சும்மாடு கட்டிப் பெட்டியை ஏற்றிக்கொண்டவர் ஓர் இடத்திலும் இறக்கவில்லை. வெறுங்கையோடு போன நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

சமுதாயக் கூடத்தில் சனம் காத்திருந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்காமல், எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"யாரும் பல் விளக்கலையே?"

"இல்லீங்க!" என்று கூடமே ஒரே குரலில் சொன்னது.

முதலில் உட்கார்ந்தவர் வெள்ளையனின் மனைவி சின்னப்பொண்ணு. டாக்டர் ஈறைப் பஞ்சால் ஒற்றி, தாள் கீற்றைப் பள்ளத்தில் மெதுவாக வைத்து, நொடி எண்ணி எடுத்தார். கீற்று சிவப்பாக வந்தது. இன்னொரு பல்லில் வைத்தார். அதுவும் சிவப்பு. அடுத்தவருக்கும் சிவப்பு. மதியம் வரை குங்குமத்தில் தோய்த்த மாதிரியே வந்துகொண்டிருந்தன. ரத்தம் கலந்த கீற்று உதவாது. ஈறு சொன்னது எது, ரத்தம் சொன்னது எது என்று அப்புறம் பிரிக்க முடியாது.

"ஈறு பார்க்க நல்லா கெட்டியா இருக்கு அண்ணா. இவ்வளவு ரத்தம் எங்கேருந்து வருது?" என்று டாக்டர் என்னிடம் மெல்லக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் வாய் கொப்பளித்துத் துப்பிய தொட்டியைக் கழுவும்போது அடியில் கறுப்பாக நறநறவென்று ஏதோ தங்கியிருந்தது.

மதியச் சாப்பாடு சின்னப்பொண்ணு வீட்டில். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பலாக்காய்ப் பொரியல், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகு ரசம். டாக்டரும் சேகரும் கூடத்திலேயே சாப்பிட்டார்கள். நான் எப்போதும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அதனால் வீட்டுப் பின்பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அதென்ன சாமி, கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையாட்டம் அந்தப்பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டீங்க?" என்றபடி சின்னப்பொண்ணு சோறு போட்டார்.

மரவள்ளிக்குக் காட்டுப்பன்றித் தொல்லை உண்டா என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், அவர் பிடித்துக்கொண்டார்.

"உண்டான்னா கேக்கறீங்க? பன்னி எந்தக் காட்டுப் பன்னி, எத்தன குட்டி போட்டுதுன்னு யாருக்குங்க தெரியும்? மண்ணுல மூக்கு வெச்சுக் கெளறுன தடத்தப் பாத்தாப் போதும், கொரல் குடுப்போம். என்ற ஊட்டுக்காரரு இருக்காரே, போன வருஷம் ஒரு பன்னிய வெரட்டப் போயி, பன்னி மிதிச்சதவிட இவரு மிதிச்ச கெழங்குதாங்க சாஸ்தி!"

"அத ஏம்புள்ள இப்பச் சொல்ற?" என்றார் வெள்ளையன்.

"இன்னங் கேளுங்க. மறுநாளு ஃபாரஸ்ட்காரரு சேதத்தப் பாக்க வாராருன்னு சொன்னாங்க. பெரிய மனுசரு வாராரேன்னு இவரு விடியறதுக்குள்ள காட்டையே கூட்டிப் பெருக்கி, மண்ணத் தட்டிச் சமமாக்கி, சாணி தெளிக்காத கொறை! அவரு வந்து பாத்துட்டு, பன்னி எங்கீங்க வந்துதுன்னு கேக்கறாரு!"

வெள்ளையன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மாடு கூப்பிடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கை கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். தொட்டி மேட்டில் ஒரு கொட்டாங்குச்சி. உள்ளே நுணுக்கிய அடுப்புக்கரியும் கல்லுப்பும். பக்கத்திலேயே உப்புப் பொட்டலம். எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் பெயர் போட்டிருந்தது. இவ்வளவு தூரம், எழுபது வளைவு ஏறி, எங்கள் உப்பு வந்திருக்கிறது என்று முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் கூடத்தில் எல்லோரும் துப்பிய தொட்டியின் அடியில் கண்ட கறுப்பு நினைவுக்கு வந்தது.

"அம்மா, இன்னைக்குக் காலையில பல் விளக்கினீங்களா?"

சின்னப்பொண்ணு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பின்ன? நாறுன வாயோட டாக்டரம்மா முன்னால போயி உக்காருவாங்களா சாமி? அவங்க கையி உள்ள வருதுல்லீங்க? தெனமும் தேய்க்கறதவிட ரெண்டு பங்கு தேய்ச்சனுங்க. எல்லாரும்தான். அவங்க மனசு நோவக் கூடாதுன்னு இல்லீன்னு சொன்னோம். நீங்க சொல்லிப்போடாதீங்க கண்ணு."

கரியும் கல்லுப்பும் வைத்து அரக்கித் தேய்த்தால் எந்த ஈறுதான் ரத்தம் கசியாது? மரியாதைக்காகச் செய்த காரியம். எங்கள் ஊர் உப்புதான் எங்கள் வேலையைக் கெடுத்திருக்கிறது.

இதை உடனே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோறு போட்டவரைப் பொய்க்காரி ஆக்குவதா என்று இருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாலு பேர் நடுவில் நான் எதையும் சொல்லிப் பழகியதில்லை. நாளை சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சரியாகவில்லை. பனிமூட்டம் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. மற்றப் பாதிச் சனம் அன்றைக்கு வந்தது. "இல்லீங்க!" என்று அதே பாட்டு. முதல் நாள் சிவப்பு வந்த சங்கதி பரவியிருக்க வேண்டும். இன்னும் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் சிவப்பு.

பதினோரு மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடம் வரை தனியாக நடந்து போனார். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"பேராசிரியருக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன் அண்ணா. வெறும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாளைக்கு எதுக்கு இன்னொரு நாள்?"

அப்போதுதான் சொன்னேன். கொட்டாங்குச்சி, கரி, உப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நேத்தே தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

அவர் டீயைக் குடித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நான் கேட்டா மறுபடியும் இல்லீங்கன்னுதான் சொல்வாங்க. என்கிட்ட மரியாதை. உங்ககிட்டதான் உண்மையைச் சொன்னாங்க. நீங்களே பேசுங்க. சாயங்காலம் எல்லாரும் காட்டுலேருந்து வந்துடுவாங்க."

"நானா?"

"நீங்கதான்."

சாயங்காலம் வரை பொழுது போக வேண்டும். டாக்டர் அறைக்குப் போய்விட்டார். சேகர் என்னை வாசலூர்பட்டி படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். மிதிபடகு. சுற்றுலா வந்த குடும்பங்கள் அன்னாசித் துண்டில் மிளகாய்ப்பொடி தூவித் தின்றுகொண்டிருந்தன. ஏரி நடுவில் போனதும் சேகர் மிதிப்பதை நிறுத்தினார்.

"இப்ப நான்தான் ஊர் சனம். பேசுங்கண்ணே."

"பெரியோர்களே, தாய்மார்களே..."

"எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா? சாதாரணமாப் பேசுங்க. சத்தமும் பத்தல."

இரண்டாவது தடவை சத்தமாகப் பேசினேன். பக்கத்துப் படகில் இருந்த ஒரு அம்மாள், "யாரோ சண்டை போடறாங்க, அந்தப் பக்கம் போகாதே" என்று தன் மகளிடம் சொன்னார். மூன்றாவது தடவையில் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டது. கரைக்கு வரும்போது சட்டை நனைந்திருந்தது. ஏரித் தண்ணீரில் அல்ல.

பொழுது சாயும் நேரம். கூடத்து முன்னால் ஆண்களும் பெண்களும் தோளில் மண்வெட்டி, இடுப்பில் கூடை என்று வந்த கோலத்திலேயே நின்றார்கள். டாக்டர் பின்னால் நின்றுகொண்டார். நான் முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

"சத்தமாப் பேசுங்க சாமி, துணிக்குள்ள பேசுனா யாருக்குக் கேக்கும்?" என்றது சின்னப்பொண்ணு குரல்.

முகக்கவசத்தைக் கழற்றினேன். கை தானாக வாய்ப் பக்கம் போனது. அதை இழுத்துக் கீழே கொண்டு வந்தேன்.

அப்புறம் பின்வரிசையில் ஒருவர், "ஏனுங்க, பல்லு ஆஸ்பத்திரிக்காரங்கறீங்க, உங்களுக்கே ரெண்டு பல்லக் காணமுங்களே!" என்றார்.

கூட்டம் சிரித்தது. விசித்திரம் என்னவென்றால் நானும் சிரித்தேன். வாயைத் திறந்தபடி நாலு பேர் முன்னால் நான் சிரித்தது எத்தனை வருடத்துக்கு அப்புறமோ.

"ஆமாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். "இது பூச்சி தின்னது இல்லை. எல்லார் ஈறுலயும் காவல் இருக்கு. பிறக்கும்போதே கூட வந்த காவல். கிருமி பேர் அதுக்குத் தெரியாது, தடத்தைப் பார்த்தே கத்தும். உங்க பன்னிக் காவல் மாதிரி. எனக்கு அந்தக் காவல் வருஷக்கணக்கா கத்தியிருக்கு, நான் காதுல வாங்கல. கடைசியில பன்னியை விரட்டுற வேகத்துல கிழங்கை மிதிச்ச மாதிரி, எலும்பையே மிதிச்சுடுச்சு."

எல்லோரும் வெள்ளையனைத் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் அவர்.

"டாக்டரம்மா அந்தத் தடத்தைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. கிருமி எங்க மூக்கை வச்சுது, காவல் எவ்வளவு கத்துச்சுன்னு பார்க்கணும். நீங்க காலையில கரியும் உப்பும் போட்டுக் காட்டையே கூட்டிப் பெருக்கிட்டு வந்து வாயைத் திறந்தா, பன்னி எங்கேன்னுதானே அவங்க கேட்பாங்க?"

வெள்ளையன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அட ஆமா! நான் பண்ணுன கூத்தத்தானே ஊரே பண்ணியிருக்குது!" அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு வருடமாக அவர் தனியாகச் சுமந்த கேலியை ஊரே பங்கு போட்டுக்கொண்டது.

சின்னப்பொண்ணு விடவில்லை. "அதெல்லாஞ் சரிங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம அதுவுமா வாய் கழுவாம வெளிய வாரதுன்னா எப்படிங்க? நீங்க வருவீங்களா?"

"வர்றேன். நானும் ராத்திரியிலேருந்து வாயில தண்ணி படாம வந்து முதல் ஆளா உட்காருறேன். எல்லாரும் பாருங்க. உப்பு எங்க ஊரு உப்புதான். ஒரு நாள் அதுக்கு லீவு விடுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது என் வாய் எனக்கே பிடிக்கவில்லை. கூடத்தை நெருங்கினால் சத்தமே இல்லை. ஒருவரும் வரவில்லை என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கூடம் நிறைய ஆட்கள். புதன்கிழமை வந்தவர்கள், வியாழக்கிழமை வந்தவர்கள், எல்லோரும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பெண்கள் முந்தானையாலும் ஆண்கள் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் வணக்கம் சொன்னார்கள். பதினைந்து வருடமாக நான் நின்ற நிலையில் ஓர் ஊரே நின்றது. நான் மட்டும்தான் வாயைப் பொத்தாமல் இருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அந்தக் கண்ணாடியும் இடுக்கியும் நான் கழுவியவைதான். கீழிருந்து பார்க்கும்போது வேறு மாதிரி தெரிந்தன. சுற்றிலும் கண்கள். டாக்டர் பஞ்சால் ஒற்றி, கீற்றை வைத்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். வெள்ளை. பொத்திய வாய்களுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுந்தது.

"உங்களோடது ஆய்வுக் கணக்குல சேராது அண்ணா" என்று குனிந்து மெல்லச் சொன்னார். "ஆனா கீற்று முழுசா ஊறிப் போயிருக்கு. நல்ல ஈறுல இவ்வளவு நீர் கசியாது. உங்க காவலாளிங்க இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்காங்க."

அடுத்து சின்னப்பொண்ணு உட்கார்ந்தார். முந்தானையை எடுக்கும் முன்னால், "நாறுனா வையாதீங்க கண்ணு" என்றார்.

"நாறட்டும்மா. அதுக்குத்தான் நான் மூணு வருஷம் படிச்சேன்" என்றார் டாக்டர்.

வெள்ளை. அடுத்தது வெள்ளை. வெள்ளையன் முறை வந்தபோது அவர் எழுந்து நின்று, "பன்னித் தடம் அப்படியே இருக்குதுங்க, ஒரு மண்ணும் தட்டலீங்க" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். அவருடையதும் வெள்ளை. இரண்டொரு பேருக்கு ஈறு நோயினாலேயே லேசாகச் சிவந்தது. மற்றவையெல்லாம் பச்சரிசி போல வந்தன. நான் குழாயில் போட்டு, எண் ஒட்டி, பனிக்குள் இறக்கினேன். டாக்டர் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூடுபனி உள்ளே வரவில்லை, நான் பார்த்தேன்.

கடைசிக் கீற்று முடிந்ததும் வாசலில் தண்ணீர் அண்டாவைச் சுற்றி ஒரே கூட்டம். காலையிலிருந்து அடக்கி வைத்த பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தது. அப்புறம் டாக்டர் ஒவ்வொருவருக்கும் பல்லைச் சுத்தம் செய்தார். கரியை விட்டுவிட்டு மெதுவாகத் துலக்கச் சொன்னார். நோய் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்து, அடுத்து எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"எல்லாக் கிருமியையும் அந்தக் காவலு புடிச்சுப்போடுங்களா?" என்று வெள்ளையன் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு, பொல்லாதது. சட்டையை மாத்திக்கிட்டு வரும். காவலுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்" என்றார் டாக்டர்.

"எங்கூர்லயும் ஒரு பன்னி மாட்டுத் தடத்துலயேதாங்க நடந்து வரும்" என்றார் அவர். டாக்டர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பெட்டியை இந்த முறை நான்தான் சுமந்தேன். வெள்ளையன் பின்னாலேயே வந்தார், விழுந்தால் பிடிக்க. இரண்டு அன்னாசி, ஒரு பை மிளகு, ஒரு பலாப்பழம் வண்டியில் ஏறின. இறங்கும்போது நாற்பத்தொன்றாவது வளைவில் டயர் பஞ்சர். சேகர் மாற்றுச் சக்கரத்தோடு மல்லுக்கட்டும்போது மேலிருந்து வந்த டவுன் பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னல் வழியாக ஒருவர், "அந்தப் பெட்டியில என்னங்க பொகையுது?" என்று கேட்டார்.

"திண்ணனூர் நாட்டு ஜனங்க குடுத்த ஈறு நீர். ஆராய்ச்சிக்குப் போகுது" என்றேன். பஸ்ஸில் கடைசி இருக்கை வரை கேட்டிருக்கும். சேகர் சக்கரத்துக்கு அடியிலிருந்து, "இப்ப சத்தம் பத்தும்ணே" என்றார்.

இரவு கல்லூரிக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு கைப்பிடிப் பனி மிச்சம் இருந்தது. குழாய்கள் எல்லாம் கல் போல உறைந்திருந்தன.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு ஈறு சிகிச்சைப் பிரிவில் வரிசையில் நின்று என் பெயருக்குச் சீட்டு போட்டேன். பதினான்காவது எண் கிடைத்தது.